பதிவாகிவிட்டது, நன்றி

மாதக்கணக்காக ஒரு தமிழ்த் தொழிலாளிகூடப் புகார் சொல்லவில்லை என்று ஓர் எஸ்டேட் மேனேஜர் பெருமையடித்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் மேனேஜரைச் சந்தேகப்பட்டேன். என் முதலாளி ஈஸ்வரமூர்த்தி சந்தோஷப்பட்டார். அந்தப் பெருமையின் நுனியில் ஒரு பெண்ணின் வேலையும் வீடும் தொங்கிக்கொண்டிருந்தன.

என் பெயர் யோகப்பிரியா. ஊர் எலப்புள்ளி, தமிழ் பேசுகிற மலையாள எல்லை ஊர். கஞ்சிக்கோட்டில், இரும்பு ஆலைப் புகைக்கு நடுவே மாடியில் இருக்கிற ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கு நாங்கள் ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தோம். எஸ்டேட் பெயரைச் சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வரும். அந்த எஸ்டேட்டின் டீ ஃபேக்டரியில் சுவரில் ஒரு பழைய ஐபேடு மாட்டியிருக்கும். மெஷினில் கோளாறு, குழாயில் தண்ணீர் வரவில்லை, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகுகிறது, எதுவானாலும் தொழிலாளி அதில் பதிய வேண்டும். பதிந்ததும் 'பதிவாகிவிட்டது, நன்றி' என்று வரும். புகாரை அங்கே எல்லோரும் பராதி என்பார்கள். ஐபேடில் பராதி இருந்தால்தான் மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். அதுதான் அங்கே சட்டம்.

ஆப் ஆப்ஜெக்டிவ்-சி என்ற புரோகிராம் மொழியில் எழுதியது. எழுதிய ஆள் எப்போதோ துபாய்க்குப் போய்விட்டான். முதலில் மலையாளத் திரை மட்டும்தான் இருந்தது. ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள் முக்கால்வாசி தமிழர்கள் ஆயிற்றே என்று யாரோ கேட்க, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஈஸ்வரமூர்த்தியே உட்கார்ந்து தமிழ்த் திரையைச் சேர்த்தார். மலையாளத் திரையைப் பலமுறை சோதித்தார், ஏனென்றால் பணம் தருகிற மேனேஜர் மலையாளி. தமிழ்த் திரையை ஒருமுறைகூட அவர் தொட்டுப் பார்க்கவில்லை. "நம்ம பாஷைதானுங்களே, அதுல என்ன தப்பு வந்துரப் போவுது" என்றாராம். எங்கள் பக்கத்துச் சித்தூர்க்காரர், வீட்டில் தமிழ் பேசுகிற மனிதர். மற்றவர் மொழிக்கு மரியாதை, நம் மொழிக்கு அலட்சியம். இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு இது கூடப்பிறந்த வியாதி.

அந்த ஃபேக்டரியில் பாண்டி என்பவரின் வலது கை விரல்கள் போய்விட்டன. தேயிலைக் கொழுந்தை நசுக்கிக் கிழிக்கிற பல்லுருளை மெஷின் ஒன்று உண்டு. அதன் வாயை மறைக்கிற தகட்டு மூடி கழன்றுகொண்டது. கை உள்ளே போனது. ஷிஃப்ட் தொடங்கும்போது அந்த மூடியைச் சரிபார்ப்பது மதலேனம்மாள் என்ற தொழிலாளியின் பொறுப்பு. மூடி ஆடுகிறது என்று பலமுறை பராதி போட்டதாக அவர் சொன்னார். ஐபேடில் ஒன்றுகூட இல்லை என்று மேனேஜர் சொன்னார். பராதி போடாமல் விட்டது ஒரு குற்றம், போட்டதாகப் பொய் சொன்னது இன்னொரு குற்றம். சஸ்பெண்ட் செய்து விசாரணை வைத்தார்கள். விசாரணையில் பொய் என்று முடிவானால் வேலை போகும். எஸ்டேட்டில் வேலை போனால் லயத்து வீடும் போகும்.

விசாரணையில் ஐபேடின் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுக்கவும், 'இது சரியான ரிப்போர்ட்' என்று வாய்திறந்து சொல்லவும் ஓர் ஆள் வேண்டுமென்று எஸ்டேட் கேட்டது. ஈஸ்வரமூர்த்தி என்னை அனுப்பினார். உடுமலை வந்து, மறையூர் ஏறி, மூணாறு தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ஒரு அம்மா என்னை மறித்தார். கழுத்தில் ஜெபமாலை, காலில் ரப்பர் பூட்ஸ். வேலையிலிருந்து நிறுத்தின பிறகும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

"நீங்கதான் அந்த டப்பாவச் செஞ்சவியளா?"

"எங்க கம்பெனிதாங்க செஞ்சுது."

"அப்ப அதுகிட்டயே கேளுங்கம்மா, இந்த மதலேனம்மா பராதி போட்டாளா இல்லையான்னு. நான் பொய் சொல்லுதேன்னு இந்த எஸ்டேட்டே சொல்லுது. அந்தப் பாண்டி பொண்டாட்டி செல்வலட்சுமி, என் பக்கத்து வீட்டுக்காரி, என் மூஞ்சியப் பாத்தா காறித் துப்புதா. எங்க வீட்டுக்காரர் பாஸ்கல் இடுப்பு விழுந்து கிடக்காரு. எஸ்டேட்டுல பேரு இருக்கது எனக்கு மட்டுந்தான். வீட்ட விட்டு எங்கம்மா போவேன்?"

குரல் ஊரையே கூட்டுகிற குரல். மெஷின் பக்கத்தில் நின்று பழகிய தொண்டைக்கு மெல்லப் பேசத் தெரியாது. எனக்கு உடனே அவர்மேல் நம்பிக்கை வந்தது என்று சொன்னால் பொய். ஆப் பொய் சொல்லாது என்றுதான் நானும் நினைத்தேன். படித்த முட்டாள்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம்.

உள்ளே போனேன். விசாரணைக்காகச் சுவரிலிருந்து கழற்றிப் பூட்டி வைத்திருந்த ஐபேடை மேனேஜர் எடுத்துக் கொடுத்தார். மலையாளத்தில் டிரைவர்களும் கிளார்க்குகளும் பதிந்த பராதிகள் வரிசையாக ஓடின. ஆபீஸ் ஃபேன் சத்தம் போடுகிறது என்றுகூட ஒன்று. தமிழ் என்று தட்டினேன். பூஜ்யம். மதலேனம்மாள் போட்டது மட்டும் இல்லையென்றால் சரி, எல்லோர் போட்டதும் இல்லை. அத்தனை லயம், அத்தனை மழை, ஒரு கூரைகூடவா ஒழுகவில்லை?

"தமிழ் தொழிலாளிகள்க்கு ஒரு பராதியும் இல்லா. ஆனுவல் ரிப்போர்ட்டில்கூட எழுதி" என்றார் மேனேஜர், திருப்தியாக.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்து அறையில் உட்கார்ந்து, என் லேப்டாப்பில் அதே ஆப்பை ஓடவிட்டேன். தமிழ்த் திரையில் 'மூடி ஆடுகிறது' என்று பதிந்தேன். 'பதிவாகிவிட்டது, நன்றி' என்று வந்தது. பட்டியலைப் பார்த்தேன். பூஜ்யம். மறுபடி பதிந்தேன். மறுபடி நன்றி, மறுபடி பூஜ்யம்.

புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்திப் பார்த்தபோது கோளாறு பல்லை இளித்துக்கொண்டு நின்றது. பராதிகளைச் சேர்த்து வைக்க ஒரு மியூட்டபிள் அர்ரே வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகக்கூடிய பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குப் பெயர் வைத்தால் போதாது, பெட்டியை உண்டாக்கவும் வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி. மலையாளத் திரையில் அந்த வரி இருந்தது. தமிழ்த் திரைக்கு நகல் எடுக்கும்போது ஈஸ்வரமூர்த்தி அந்த ஒரு வரியை விட்டுவிட்டார். அதனால் தமிழில் பெட்டிக்குப் பெயர் மட்டும் இருந்தது, பெட்டி இல்லை. ஆப்ஜெக்டிவ்-சியில் இப்படி இல்லாத பெட்டியை 'நில்' என்பார்கள். அந்த மொழியின் குணம், நில்லிடம் எதைச் சொன்னாலும் அது எதிர்த்துப் பேசாது. 'இதைச் சேர்த்துக்கொள்' என்றால் சேர்க்காது. சேர்க்கவில்லை என்றும் சொல்லாது. கூடை இல்லாமல் கொழுந்தைப் போட்டால் தரையிலாவது கிடக்கும். இங்கே தரையும் இல்லை. அடுத்த வரி மட்டும் ஒழுங்காக வேலை செய்தது: பதிவாகிவிட்டது, நன்றி.

விட்டுப்போன வரியை என் லேப்டாப்பில் எழுதிச் சேர்த்து மறுபடி பதிந்தேன். ஆப் அலறிக்கொண்டு செத்து விழுந்தது. அதற்கும் காரணம் கண்டேன்: மலையாளத் திரையிலிருந்த இன்னொரு தடுப்பும் நகலில் விட்டுப்போயிருந்தது. பராதியோடு போட்டோ எடுக்காவிட்டால், போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாததைப் பெட்டிக்குள் போடப் பார்க்கிறது. உண்மையான அர்ரே அதைப் பொறுக்காது, உடனே கத்தும். போட்டோ இல்லையென்றால் 'இல்லை' என்று ஒரு அடையாளத்தைப் போடு என்று எழுதினேன். சரியாகிவிட்டது. ஆனால் எனக்கு வந்த கோபம் சரியாகவில்லை. உள்ள பெட்டியில் வெறுமையைப் போட்டால் ஊரைக் கூட்டுகிறது. இல்லாத பெட்டியில் உண்மையைப் போட்டால் நன்றி சொல்கிறது. அந்த முதல் வரி மட்டும் இருந்திருந்தால், போட்டோ எடுக்கத் தெரியாத முதல் தொழிலாளி பதிந்த அன்றே ஆப் செத்து விழுந்திருக்கும், நாங்கள் ஓடி வந்திருப்போம், பாண்டிக்கு விரல் இருந்திருக்கும்.

ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"செரி, கண்டுபுடிச்சுட்டீல்ல. கெட்டிக்காரி. வயரைப் போட்டு அந்த ஐபேடுல புதுசை ஏத்தீரு. ஏத்திப்போட்டு, ரிப்போர்ட்டைக் குடுத்துட்டுப் பேசாம வந்து சேரு."

"இப்ப ஏத்துனா பழைய தப்பு இருந்ததே தெரியாமப் போயிருமுங்க சார். அந்தம்மா வேலை போயிருமுங்க."

"ரிப்போர்ட்ல இல்லீன்னா இல்லை. அதுல நீ என்ன பொய்யா சொல்ற? இன்னும் நாலு எஸ்டேட்டு நம்ம ஆப்பைக் கேட்டுட்டு இருக்குது. வேலீல போற ஓணானை எடுத்து மடீல உட்டுக்காத அம்மிணி."

"தப்பு நம்முளுதுங்க சார்."

"ஏத்தறீன்னா ஏத்து. இல்லீன்னா நாளைக்கு ஆபீசுப் பக்கம் வராத."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். சோறும் என் கையாலேயே போட வேண்டுமாம். ஒரு புரோகிராமருக்குப் பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. திருத்தினது லேப்டாப்பில் இருக்கிறது, வயர் பையில் இருக்கிறது, ஐபேடு மேஜையில் இருக்கிறது. திருத்தினால் பிழை போய்விடும், பிழையோடு மதலேனம்மாளும் போய்விடுவார். வயரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வேலை போய்விடுமே என்று பயந்ததும் உண்மை. வீட்டுக்கு வாங்கிய கடன் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் எடுக்கவில்லை.

மத்தியானம் மேனேஜர் அறையில் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் ஹெட் ஆபீஸிலிருந்து வந்த ஒரு வக்கீலும். இந்தப் பக்கம் மதலேனம்மாள், உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றார். ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கர் கதவோரம். ஜன்னலுக்கு வெளியே ஷிஃப்ட் முடிந்த பெண்கள் கூட்டம். முன்னால் நின்ற, கண் சிவந்த பெண்தான் செல்வலட்சுமி என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஒற்றக் கேள்வி" என்றார் மேனேஜர் என்னிடம். "ஈ மதலேனம்மாளுடைய பராதி இதில் உண்டோ, இல்லையோ?"

"இல்லைங்க."

வெளியே முணுமுணுப்பு. மதலேனம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"இல்லைங்க, இருக்கவும் முடியாதுங்க" என்றேன். "தமிழ்ல யார் போட்டாலும் இதுல நிக்காதுங்க. எங்க கம்பெனி பண்ணின தப்பு. நம்பலைன்னா இப்பவே பாருங்க."

ஐபேடை மேஜை நடுவில் வைத்து, தமிழ்த் திரையைத் திறந்தேன். "அம்மா, எதாச்சும் ஒரு பராதி போடுங்க" என்றேன். மதலேனம்மாள் கிட்டே வந்து ஒற்றை விரலால் தட்டினார். தட்டும்போது ஒவ்வோர் எழுத்தையும் உரக்கச் சொன்னார். "மூ... டி... ஆ... டு... து..." அறை அதிர்ந்தது. பதிவாகிவிட்டது, நன்றி என்று வந்தது. வக்கீல் எட்டிப் பார்த்தார். பட்டியலைத் திறந்தேன். பூஜ்யம். மேனேஜர் தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார். அவருக்கும் நன்றி வந்தது, அவருக்கும் பூஜ்யம்தான். என் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. ஈஸ்வரமூர்த்தியாகத்தான் இருக்கும். துடிக்கட்டும் என்று விட்டேன்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது வக்கீல் தொண்டையைச் செருமினார். நல்ல தமிழில், நிதானமாகச் சொன்னார். "ஆப் தப்பு, ஒத்துக்கறோம். பதிஞ்சிருந்தாலும் நின்னிருக்காது. ஆனா இந்தம்மா பதிஞ்சாங்கங்கறதுக்கு அது சாட்சி இல்லையே. பதியாம இருந்திருந்தாலும் இதே பூஜ்யம்தானே?"

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அறைய முடியாத காரணம், அவர் சொன்னது சரி. தொலைந்த பராதியைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. தேடுவதற்கு ஓரிடமாவது வேண்டுமே.

"நான் கேட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே இருந்து குரல் வந்தது. செல்வலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்ப சொன்னாங்கள்ல, எழுத்து எழுத்தா, அதே மாதிரி. ஷிஃப்ட் மாறும்போது எல்லா நாளும் கேட்டேன். எங்க வீட்டுக்காரர்கூட, என்னக்கா டப்பாவுக்குப் பாடம் எடுக்கியளான்னு சிரிச்சாரு. நாங்க எல்லாருந்தான் சிரிச்சோம்."

"அப்ப இத்தன நாள் எங்கட்டி போயிருந்த?" மதலேனம்மாள் மேனேஜரை விட்டுவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினார்.

"ஐபேடுல இல்லன்னு ஆபீசுல சொன்னாங்க. அப்ப நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன்னு நெனச்சேன்."

"உன் காத விட அந்த டப்பா பெருசாப் போச்சா? ஏட்டி, நான் யாருக்காகக் கத்துனேன்? அந்த மெஷின் முன்னால நின்னது உன் புருஷன்தானே? அவன் கைக்காகத்தானேட்டி கத்துனேன்!"

செல்வலட்சுமிக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். நானும் கேட்டேன், நானும் கேட்டேன். பிறகு வேறு மாதிரி மாறியது. நான் கக்கூஸ் அடைச்சிருக்குன்னு போட்டேன். லயத்துச் சுவரு பொளந்திருக்குன்னு போட்டேன். குழாயில புழு வருதுன்னு போட்டேன். எல்லோருக்கும் நன்றி வந்திருக்கிறது. நன்றி வந்ததால் எல்லோரும் ஆள் வருவான் வருவான் என்று காத்திருந்திருக்கிறார்கள். எவனும் வராதபோது தம்மை மதிக்கவில்லை என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சற்ற தன்மையைத்தான் மேனேஜர் திருப்தி என்று ஆனுவல் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்.

மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வக்கீலோடு ஏதோ குசுகுசுத்தார். "ஓகே. நடவடிக்கை வேண்டா. மதலேனம்மாள் நாளை முதல் ஜோலிக்கு வரலாம். எல்லாரும் போய்க்கோளு."

"எங்க போவ?" என்றார் மதலேனம்மாள். "பொய் சொன்னான்னு எழுதியிருக்கியல்லா. அத அடிங்க. நான் பாக்க அடிங்க."

வக்கீல் விசாரணைத் தாளைத் திருப்பி அந்த வரியைப் பேனாவால் அடித்தார். மதலேனம்மாள் குனிந்து பார்த்து, திருப்தியானதும், கதவோரம் நின்ற டீமேக்கரிடம் திரும்பினார். வேலையிலிருந்து நிறுத்தினதிலிருந்து அவரை ஃபேக்டரிக்குள் விடவில்லை. அதனால்தான் கேட்டார்.

"அந்த மூடிய மாத்தியாச்சா?"

டீமேக்கர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஐபேடைப் பார்த்தார்.

"கம்பி போட்டுக் கட்டியிருக்கோம்" என்றார் டீமேக்கர்.

"கம்பியா? மெஷின் ஓடுதா?"

"கொழுந்து குவிஞ்சு கெடக்குல்லா. மெக்கானிக் தொட மாட்டேங்கான்." டீமேக்கர் குரலைத் தாழ்த்தினார். "ஐபேடுல பராதி வரலியே."

ஒரு மனிதனின் விரல்கள் போயிருக்கின்றன. ஒரு பெண்ணை ஊர்ப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறார்கள். விசாரணை, வக்கீல், ரிப்போர்ட், கஞ்சிக்கோட்டிலிருந்து நான், எல்லாம் வந்து சேர்ந்துவிட்டோம். ஒரு ஸ்பேனர் மட்டும் வரவில்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

மதலேனம்மாள் ரப்பர் பூட்ஸ் சத்தம் போட வெளியே நடந்தார். கூட்டம் வழிவிட்டது. முற்றத்தைத் தாண்டி ஃபேக்டரிக்குள் நேராகப் போனார். செல்வலட்சுமி பின்னால் ஓடினாள், நானும் ஓடினேன். உள்ளே பல்லுருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வாயை மறைத்த தகடு கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பாண்டி நின்ற இடத்தில் வேறோர் ஆள் நின்று கொழுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மதலேனம்மாள் அவரைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, சுவரிலிருந்த சிவப்பு சுவிட்சை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். மெஷின் முனகி நின்றது. ஃபேக்டரி முழுக்கச் சத்தம் அடங்கியது.

மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஆரு? ஆரா இது நிறுத்தியது?"

"நாந்தான்" என்றார் மதலேனம்மாள், அதே தொண்டையில். "மதலேனம்மா. எழுதிக்கோங்க."